மண்ணுக்கு அப்பாலும் இறைமை

ஓர் அரசின் இறைமை என்பது யாது? தன் எல்லைக்குள் தன் ஆணையே செல்லும், பிறர் ஆணை அங்கே செல்லாது என்பதே சர்வதேசச் சட்டம் நெடுங்காலமாகத் தந்துவந்த விடை. மலையும் ஆறும் கடலும் எல்லையாக நின்ற வரையில் அவ்விடை போதுமானதாயிருந்தது. எல்லையைக் கடவாமலே ஒரு நாட்டின் அலுவல்களை முடக்க இயலும் என்பதை உலகம் 2007-ஆம் ஆண்டில் கண்டது.

பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்தோனியா, சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் சிறு நாடு. 1991-இல் சுதந்திரத்தை மீண்டும் பெற்ற பின்னர், அது தன் நிர்வாகத்தைக் கணினி வலையமைப்பின்மீது நிறுவிக்கொண்டது. 2007 மார்ச் மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் குடிமக்கள் இணையத்தின் வழியாகவும் வாக்களித்தனர்.

அடுத்த மாதமே சோதனை வந்தது. தலைநகர் தாலினின் நடுவே நின்ற சோவியத் போர்வீரனின் வெண்கலச் சிலையை அரசு இராணுவக் கல்லறைக்கு மாற்றியது. ரஷ்ய மொழி பேசுவோரிடையே கொந்தளிப்பு எழுந்தது, மாஸ்கோவும் கண்டித்தது. ஏப்ரல் இறுதி தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம், நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களில் போலி வேண்டுகோள்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. உடையவர் அறியாமலே களவாக வசப்படுத்தப்பட்ட கணினிகள் பல நாடுகளிலிருந்து அவற்றை அனுப்பின. தளங்கள் திணறின; வங்கிச் சேவை தடைப்பட்டது.

தாக்கியவர் யார்? ரஷ்ய அரசு தனக்குத் தொடர்பில்லை என்றது. புலன்விசாரணைக்கு உதவுமாறு எஸ்தோனியா விடுத்த கோரிக்கையையும் ஏற்கவில்லை. எஸ்தோனிய நீதிமன்றத்தில் 2008-இல் ஒரு மாணவருக்கு அபராதம் விதிக்கப்பட்டதே கண்ட பலன். பகைவன் யாரெனச் சுட்ட இயலாதபோது, இறைமை மீறப்பட்டது என்று எவரிடம் முறையிடுவது?

அதே 2008-இல் எஸ்தோனியா தேசிய இணையப் பாதுகாப்புத் திட்டமொன்றை வகுத்தது. வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகளின் இணையப் பாதுகாப்பு ஆய்வு மையமும் தாலினில் அமைந்தது. 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த வல்லுநர் குழு, ஒரு நாட்டின் எல்லைக்குள் அமைந்த தகவல் சாதனங்கள்மீது அந்நாட்டின் இறைமை செல்லும் என்று உரைத்தது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. இணையத்தில் இறைமை என்பது பொதுக் கொள்கையே, மீறினால் குற்றமாகும் தனி விதியன்று என்று பிரிட்டன் 2018-இல் கூறியது. பிரான்சு 2019-இல் அதற்கு மாறாகக் கருத்துரைத்தது.

எஸ்தோனியா தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1940-இல் சோவியத் நாடு அதனைக் கைப்பற்றிய பின்னரும், நியூயார்க்கிலிருந்த அதன் துணைத் தூதரகம் மூடப்படாமல் இயங்கி, அரசு அழிந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியாய் நின்றது. அந்நினைவுடைய நாடு, 2017-இல் லக்சம்பர்க்குடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி நிலப்பதிவு, மக்கட்பதிவு முதலிய ஏடுகளின் கணினிப் படிகள் லக்சம்பர்க்கில் வைக்கப்படுகின்றன. அவ்விடத்திற்குத் தூதரகத்திற்கு நிகரான காப்பு உண்டு. எஸ்தோனியாவின் அனுமதியின்றி எவரும் அங்கே நுழையலாகாது.

நமது நாடும் 2013-இல் தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. மும்பையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஊரிலுள்ள தாய்க்கு நொடியில் பணம் அனுப்பும் நேயர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. அந்தப் பணம் தடையின்றிச் சென்று சேர்வதும் இன்று நாட்டின் காவலில் அடங்கும்.