கல்யாணத்துக்கு முந்தின நாள்

நாளை கல்யாணம் என்றால் இன்று வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. வாசலில் வாழைமரம் கட்டியாக வேண்டும். காஞ்சிபுரத்தில் எடுத்த கூறைப்புடவைக்கு ரவிக்கை தைத்து வரவேண்டும். சமையல்காரர் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்த சாமானுக்காக ஒருவர் சுங்குவார்சத்திரம் கடைத்தெருவுக்கு ஓடவேண்டும். மாப்பிள்ளையின் தாயாரோ சுரூபத்தின் முன் வைத்த சிறு பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்கிறார். அதில்தான் தாலி இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையில் கோவிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், சாட்சிகள் யார் என்று சொல்லவேண்டும், குறையும் கடிதங்களைக் கொடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார் பங்குக் குரு. "இன்றைக்குப் போய் இதுவுமா?" என்று சலித்துக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பழைய சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் தனியே வாக்குக் கொடுத்துக்கொண்டாலே அது திருமணம் என்று கொள்ளப்பட்டது. சாட்சி இல்லாததால், பின்னர் அவன் அதை மறுத்து, ஊரறிய வேறொருத்தியை மணந்தால் முதல் மனைவிக்கு நியாயம் கேட்க வழியில்லை. இந்த அநீதியைத் தடுக்கவே 1563-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம் ஒரு சட்டம் செய்தது. அடுத்தடுத்த மூன்று திருநாட்களில் கோவிலில் ஓலை வாசிக்கவேண்டும். பங்குக் குருவின் முன்னும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்னும் மணம் நடக்கவேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றது. 1907-இல் பாப்பரசர் 10-ஆம் பத்திநாதர் காலத்துச் சட்டம், ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணத்தைக் குறிக்கச் சொன்னது. தொழிற்சாலைகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து குடியிருக்கும் நம் பகுதியில், மாப்பிள்ளை எந்த ஊர், ஏற்கெனவே மணமானவரா என்று அறிய அந்தக் கடிதம் எவ்வளவு அவசியம் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

இனி அந்தப் பெட்டியில் இருக்கும் தாலிக்கு வருவோம். அதற்கும் நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய வழக்கு உண்டு.

சீனாவுக்குப் போகும் வழியில் 1703-இல் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பாப்பரசரின் தூதர் தூர்னோன், அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றார். சிலுவையோ, ஆண்டவர் அல்லது தேவமாதா உருவமோ பொறித்த தாலி அணியலாம் என்றார். கல்யாணத்தில் அரசங்கிளை வைப்பதையும், சகுனம் பார்த்துத் தேங்காய் உடைப்பதையும் விலக்கினார். மதுரை மிஷன் குருக்கள் சில கட்டளைகளை எதிர்த்து உரோமைக்கு முறையிட்டனர். நாற்பது ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கை 1744-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் முடித்துவைத்தார்.

அதே ஆணையில் நாம் மறந்துவிட்ட ஒரு செய்தி இருக்கிறது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் கழுத்தில், பெற்றோர் விருப்பப்படி தாலி கட்டி, அதையே பிரிக்க முடியாத திருமணம் என்று கருதும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இதை அனுமதிக்கக்கூடாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டார் தூர்னோன். தாலி ஏறினால் மட்டும் போதாது. சம்மதம் சொல்லும் வயதும் அறிவும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஊர் வழக்கங்களைத் திருச்சபை வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. நல்ல வழக்கங்களைக் காப்பாற்றவேண்டும் என்று திரெந்து சங்கம் சொன்னதையே, சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எடுத்துச் சொன்னது. ஆகவேதான் நம் கோவிலில் குருவானவர் தாலியை மந்திரிக்கிறார். ஆனால் முறையைக் கவனியுங்கள்: முதலில் சம்மதம் கேட்கிறார், பிறகுதான் தாலி.

அன்பான பெற்றோரே! பந்தல் போட்டாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, உறவினர் வந்து இறங்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒரு பெண் தயங்கினால் "ஊர் என்ன சொல்லும்?" என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். பயத்தாலும் வற்புறுத்தலாலும் சொன்ன சம்மதம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைந்திருக்கவேண்டும் என்பது நாட்டின் சட்டம். வாழைமரமும் பலகாரமும் ஒரு நாழிகை தாமதமானால் குற்றமில்லை. முந்தின நாள் மாலையில் பிள்ளைகளைத் தனியே அமரவைத்து, "உனக்கு முழுச் சம்மதந்தானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

கானாவூர்க் கல்யாணத்தில் குறையைக் கண்டு சொன்ன தேவதாய், நாம் கவனிக்கத் தவறும் குறைகளையும் நமக்குக் காட்டுவாராக!