கொழுந்து ஒன்றே!

பசுந்தேயிலை ஒரு சாதிச் செடியில் விளைவது. கருந்தேயிலை வேறொரு சாதிச் செடியில் விளைவது. பிறப்பிலேயே வேறுபட்டவை இரண்டும்!

இப்படி நம்பியது ஏடறியாத எளியவர் கூட்டம் அன்று; ஐரோப்பாவின் அறிவுலகம்! செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி, இனம் பிரித்து, வரிசை வகுத்த வித்தகர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753-ஆம் ஆண்டில் அவர் தேயிலைச் செடியை ஓரினமாகவே குறித்தார். 1762-இல், அதே நூலின் மறுபதிப்பில், ஓரினம் ஈரினமாயிற்று. கருந்தேயிலைக்கு ஒரு பெயர், பசுந்தேயிலைக்கு வேறொரு பெயர் என்று ஏட்டில் ஏறிவிட்டது. எழுதியவர் பேரறிஞர்; எனவே எதிர்த்துக் கேட்டோர் சிலர், ஏற்றுக்கொண்டோர் பலர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த எண்ணமே ஓங்கி நின்றது.

கண்டா சொன்னார்கள்? இல்லை! சீனத்தின் உட்பகுதிக்குச் சென்று தோட்டங்களைப் பார்வையிட அந்நாளில் அயலாருக்கு அனுமதியில்லை. காண்டன் துறைமுகத்தோடு அவர்கள் நின்றுகொள்ள வேண்டும். பெட்டியில் வந்த இலையை மட்டுமே கண்டனர். ஒன்று பச்சை, மற்றொன்று கறுப்பு. நிறம் இரண்டு, ஆகவே பிறப்பும் இரண்டு என்று முடிவு கட்டினர்.

நிறத்தைக் கண்டு பிறப்பை அளந்திடும் பிழை தேயிலையோடு நின்றுவிட்ட பிழைதானா? விடையை நண்பர்களின் நெஞ்சுக்கே விட்டுவிட்டு, நாம் நம் வீட்டு மேசைக்கு வருவோம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை. உடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் மூவர் நம் வீட்டிற்கு வந்திருந்தனர். அவருள் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த தம் பாட்டியாரையும் அழைத்து வந்தார். மேசை மீது ஐந்து வெண்கோப்பைகள். அருகே ஐந்து பொட்டலங்கள். வெண்தேயிலை, பசுந்தேயிலை, ஊலாங் எனப்படும் இடைவகை, முழு இலைக் கருந்தேயிலை, ஐந்தாவதாக நாம் நாள்தோறும் பாலில் கொதிக்கவிடும் தேயிலைத் தூள். கோப்பைக்கு 2 கிராம் இலை, 100 மில்லி லிட்டர் நீர் என்பது கணக்கு. தேயிலையைச் சுவைத்துத் தரம் காண்போருக்கென 1980-இல் வகுக்கப்பட்ட அனைத்துலக அளவு அதுவே. சூட்டையும் நேரத்தையும் மட்டும் வகைக்கேற்ப மாற்றிக்கொண்டோம்.

முதற்கோப்பையிலேயே பிழை செய்தோம். துள்ளிக் கொதித்த நீரைப் பசுந்தேயிலை மீது கொட்டிவிட்டார் நண்பர். வந்தது தேநீரன்று, நிலவேம்புக் கஷாயத்தின் தம்பி! சூடு மிகுந்தால் இலையிலுள்ள கசப்பும் துவர்ப்பும் விரைந்து நீரில் இறங்கிவிடும். அடுத்த முறை, கொதித்த நீரை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி, 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றி, இரண்டே நிமிடத்தில் வடித்தோம். இளமஞ்சள் நிறம், பச்சைப்பயறு வேகும்போது எழுமே, அதைப் போன்றதொரு மணம், பின்நாவில் மெல்லிய இனிப்பு. வெண்தேயிலையை அதே சூட்டில் ஐந்து நிமிடம் ஊறவிட்டோம்; வைக்கோல் நிறமும் அடங்கிய சுவையும் கொண்டிருந்தது. ஊலாங்குக்குக் கொதிநிலைக்குச் சற்றே குறைந்த சூடு, மூன்று நிமிடம். வாயில் வைக்குமுன்பே பூமணம் வந்தது. கருந்தேயிலைக்குக் கொதிநீரே வேண்டும். நான்கு நிமிடத்தில் செம்பு நிறத்தில் இறங்கி, நாவைப் பிடித்து இழுக்கும் துவர்ப்போடு நின்றது. தூளோ, நீரில் விழுந்த நொடியே கருஞ்சிவப்பாய்க் கரைந்தது. தனியே குடித்தால் கடுமை, பாலோடு சேர்ந்தால் நிறைவு.

நிறம் ஐந்து, மணம் ஐந்து, சுவை ஐந்து. செடியோ ஒன்றே! கமேலியா சினென்சிஸ் என்று இன்றைய தாவரவியல் அதற்குப் பெயரிட்டிருக்கிறது. சிற்றிலைச் சீன வகை, அகன்ற இலை அசாம் வகை என்று உட்பிரிவுகள் உண்டு. இரண்டில் எதிலிருந்தும் பசுந்தேயிலையும் செய்யலாம், கருந்தேயிலையும் செய்யலாம்.

பின் எங்கிருந்து வந்தது வேற்றுமை? வாழைக்காயை நறுக்கி நீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போவதை நம் வீட்டுத் தாய்மார் அறிவர். இலையிலும் நடப்பது அதுவே. திசு நசுங்கியதும், உள்ளிருக்கும் நொதி காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து இலையைக் கறுக்கச் செய்கிறது. பறித்த இலையை விரைவிலேயே சூடேற்றி அந்த நொதியை அடக்கிவிட்டால் பசுந்தேயிலை. சீனர் பெரும்பாலும் வாணலியில் வாட்டுவர், ஜப்பானியர் ஆவியில் அவிப்பர். வாடவைத்து, உருட்டி, முழுதும் கறுக்கவிட்டுக் காயவைத்தால் கருந்தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். நுனிமொட்டை உருட்டாமல் வாடவைத்துக் காயவைத்தால் வெண்தேயிலை. நசுக்கி, கிழித்து, சுருட்டும் பொறியில் அரைத்தால் நம் வீட்டுத் தூள். அந்தப் பொறி 1930-களில் அசாமில் பிறந்தது. வேற்றுமையைச் செய்தது பிறப்பன்று, கை!

அந்தக் கையின் கதைதான் தேயிலையின் வரலாறு. ஆனால், கையை மறைக்கக் கதைகள் பல கட்டினர். போதிதர்மர் என்னும் பௌத்தத் துறவி, காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்று சிலரால் கூறப்படுபவர், தவத்தின்போது உறங்கிவிட்டாராம். வெகுண்டு தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தாராம். இமை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம்! கேட்போரின் கண்ணை மூடவைக்கும் கதைக்குக் கண்ணிமையைவிடப் பொருத்தமான விதை கிடைக்காதுதான்.

கதையை விடுத்துச் சான்றைக் கேட்போம். கி.மு. 141-இல் இறந்த சீனப் பேரரசர் ஜிங்கின் கல்லறைத் தொகுதியில் கிடைத்த உலர்ந்த இலைகள் தேயிலை மொட்டுகளே என்று 2016-இல் ஆய்வாளர் அறிவித்தனர். போதிதர்மர் சீனம் சென்றதாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை அவை! எழுத்துச் சான்று எது? கி.மு. 59-இல் சிச்சுவான் பகுதியில் வாங் பாவ் என்னும் புலவர் எழுதிய ஓர் ஒப்பந்தம். நகைச்சுவையாக எழுதப்பட்டதெனினும் அன்றைய வாழ்வைக் காட்டுவது. விலைக்கு வாங்கிய அடிமையொருவன் விடியல் முதல் இரவு வரை செய்ய வேண்டிய வேலைகளின் நீண்ட பட்டியல் அது. அந்தப் பட்டியலிலே, தேயிலை காய்ச்சுவதும் தேயிலை வாங்கி வருவதும் இடம்பெறுகின்றன என்பது ஆய்வாளர் பலர் கொண்ட கருத்து. எண்ணிப் பாருங்கள்! தேநீரின் ஏட்டைத் திறந்தால், முதற்பக்கத்தில் நிற்பவன் மன்னனுமல்லன், முனிவனுமல்லன்; வேலைப் பட்டியலோடு நிற்கும் அடிமை!

எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்னும் சீன அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். நீர் கொதிக்கையில் மீன்கண் போன்ற குமிழி எப்போது, முத்துச்சரம் போன்ற குமிழி எப்போது, அலையெழுவது எப்போது என்று கண்டு வகுத்தவர் அவர். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணையே கருவியாக்கிக்கொண்ட கூர்மை அது. இஞ்சி முதலியவற்றைத் தேயிலையோடு கொதிக்கவைப்பதைச் சாக்கடை நீர் என்று இகழ்ந்தவரும் அவரே. நம் தெருமுனைக் கடைக்கு வந்தால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்! அறிஞர் சொன்னார் என்பதற்காக நம் நாவை நாம் அடகு வைக்க வேண்டியதில்லை.

அவர் காலத்துத் தேயிலை, கட்டியாக அழுத்தி, பொடித்து, காய்ச்சப்பட்டது. 1391-இல், மிங் மரபின் முதல் பேரரசர், திறையாக வரும் தேயிலை கட்டியாக வேண்டாம், உதிரி இலையாகவே வரட்டும் என்று ஆணையிட்டார். இலையை நீரில் ஊறவைத்து வடிக்கும் வழக்கம் அதன்பின் ஓங்கிற்று. கருந்தேயிலை அதற்கும் பின்னர்ச் சீனத்தின் ஃபூஜியன் பகுதியில் உருவானது.

ஐரோப்பியரின் இருபிறப்புக் கொள்கையை உடைத்தவர் யார்? ராபர்ட் ஃபார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர். 1843-இல் சீனம் சென்றார். ஏட்டை நம்பி நிற்கவில்லை. தோட்டத்துக்கே சென்று பார்த்தார். ஒரே செடியின் இலையிலிருந்து இருவகையும் செய்ய இயலும் என்று கண்டு, 1847-இல் நூலில் எழுதினார். கண்டவர் சொன்னார், காணாதவர் கட்டிய மாளிகை சரிந்தது.

மேலும் ஒன்றைக் கண்டார் அவர். ஏற்றுமதிக்கான பசுந்தேயிலையில் நீலச்சாயமும் ஜிப்சமும் சேர்த்து நிறமேற்றினர். தயாரித்தவர்கள் அதைக் குடிப்பதில்லை. அயலார் அழகிய நிறத்தை விரும்பியதால் பூசி அனுப்பினர். அந்தச் சாயங்களின் மாதிரி 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. நிறத்தைக் கண்டு மயங்கியோர் காசு கொடுத்துச் சாயம் குடித்தனர்!

ஆனால், அவரைப் போற்றிப் பாடவும் நாம் ஆயத்தமில்லை. 1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீன உடையில் மாறுவேடம் பூண்டு சென்று, செடியையும் விதையையும் கடத்தி, தொழில் தெரிந்தாரையும் அழைத்துக்கொண்டு இமயச் சாரலில் சேர்த்தவரும் அவரே. பொய்யை உடைத்த கை கொள்ளைக்கும் துணைபோயிற்று.

கம்பெனிக்கு அத்தனை பாடு தேவையா? அசாமில் சிங்போ மக்கள் தேயிலையை அறிந்திருந்தனர். 1823-இலேயே ராபர்ட் புரூஸ் என்பார் அவர்கள் வழியே அதை அறிந்தார். ஆயினும், காட்டில் பிறந்த செடி தாழ்ந்தது, சீன விதையே உயர்குலம் என்று வாதாடினர் வல்லுநர் சிலர். சீன விதையைக் கொண்டுவந்து நட்டனர். இறுதியில் அசாமில் தழைத்து வென்றது அந்தக் காட்டுச் செடியே!

இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. மலைகளைத் தேயிலை மூடிற்று. மூடியது யார் கை? திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிச் சென்ற தமிழர் கை! 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்தேன் என்பது போதாது. தந்தை அங்கே பிறந்தாரா, பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தனரா என்று கேட்டது சட்டம். ஏடில்லாத ஏழைகள் எந்தச் சான்றைக் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964-இல் இரு நாட்டு அரசுகள் உடன்பாடு கண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. தாயகம் திரும்பியோர்க்கென 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அங்கும் அவர்கள் கையில் கொழுந்துக் கூடையே!

நம் மேசையருகே அன்று அமர்ந்திருந்த பாட்டியார் அப்படித் திரும்பியவர்களுள் ஒருவர். ஐந்து கோப்பைகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"என்னப்பா இது, அஞ்சு கோப்பைய வச்சுக்கிட்டு ஆராய்ச்சி? எல்லாம் ஒரே கொழுந்துதான். ஸ்டோர்ல எவ்வளவு நேரம் வாட வைக்கிறாங்க, எப்படி அரைக்கிறாங்க, அதுலதான் இருக்கு சங்கதி" என்றார்.

லின்னேயஸ் ஏட்டில் தவறவிட்டதை, பள்ளி காணாத மூதாட்டி விரல் நுனியில் வைத்திருந்தார்!

"இதைக் குடிச்சுப் பாருங்க, அப்பாயி" என்று வெண்தேயிலைக் கோப்பையை நீட்டினார் பேரன். ஒரு மிடறு பருகினார். "இந்தக் குருத்த நான் பறிச்சிருக்கேன்யா. நல்லதெல்லாம் கப்பலுக்குப் போயிரும். எங்களுக்குக் கடைசித் தூள்ல சாயத் தண்ணிதான். ருசி பாக்கிறது இன்னைக்குத்தான்" என்றார். நாம் பேசவில்லை. பேச என்ன இருந்தது?

அதே கொழுந்து, கடல் கடந்து மலை கடந்து, நம் ஊர்த் தேநீர்க் கடைக்கும் வந்தது. ஒரே அடுப்பு, ஒரே பால், ஒரே தூள். குவளை மட்டும் இரண்டு! ஊராருக்கு ஒன்று, சேரியாருக்கு வேறொன்று. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கிய பின்னும், பல பத்தாண்டுகள் சிற்றூர்கள் சிலவற்றில் அந்த இரண்டாம் குவளை தொங்கிக்கொண்டிருந்தது. செடியைக் காணாத ஐரோப்பியன் ஒரே செடிக்கு இரு பிறப்பு கற்பித்தான், கண்டதும் திருத்திக்கொண்டான். அன்றாடம் கண்ணெதிரே மனிதனைக் கண்ட நாமோ குவளையில் எழுதிய பிழையைத் துடைக்க மறுத்தோம்! எவர் அறியாமை பெரிது?

நண்பர்களே! இந்தச் சோதனையை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். பெருஞ்செலவு வேண்டாம், இரண்டு வகை கிடைத்தாலும் போதும். அடுப்படி தாய்க்கும் தங்கைக்கும் உரியதென்று ஒதுங்காமல் நீரை நீங்களே கொதிக்கவையுங்கள். பொட்டலத்தின் பெயரை மறைத்துவிட்டு, கோப்பையை மட்டும் முன்வைத்து, சுவைப்பவரை நாவால் தீர்ப்பளிக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்தது தோற்பதையும், மதிக்கப்படாதது வெல்வதையும் காண்பீர்கள். பின்னர் பொட்டலத்தைத் திறந்து காட்டி, இவை எல்லாம் ஒரே செடி என்று சொல்லுங்கள். கேட்பவர் புருவம் உயரும். அந்த நேரத்தில், அருகே அமர்ந்திருக்கும் தம்பியிடமும் தங்கையிடமும் ஒரு கேள்வியைப் போட்டு வையுங்கள்: இதைப் பறித்த கை இதைக் குடித்ததுண்டா?