ராஜ்தூத் 350: முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கிய ஜப்பான் இன்ஜின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பேசுகிறவன் விரல் நகத்தில் இன்னும் கிரீஸ் இருக்கிறது. பகலில் கோட் எழுதும் வேலை. ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்குத் தாம்பரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் நட்டு கழற்றும் வேலை. காரணம், முடிச்சூரில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்த ஒரு ராஜ்தூத் 350.

ராஜ்தூத் என்றதும் உங்க அப்பாவுக்குப் பால்காரர் ஓட்டிய 175 சிசி வண்டிதான் ஞாபகம் வரும். அது வேற, இது வேற. இது ராஜ்தூத் பேட்ஜ் மாட்டிய யமஹா ஆர்டி350. 347 சிசி, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். யமஹா இதை 1973-ல் வெளியிட்டது. பத்து வருஷம் கழித்து, 1983-ல், எஸ்கார்ட்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. வெளிநாட்டில் அதற்குள் அது பழைய மாடல். நமக்கோ புல்லட், யெஸ்டி, 175 ராஜ்தூத் என்று சுற்றிச் சுற்றி அதே வண்டிகள்தான். மாருதி 800-கூட அந்த வருஷ டிசம்பரில்தான் வருகிறது. அந்த ரோட்டில் இந்த வண்டி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டர் ஒருமுறை வெடிக்கும். புல்லட் மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆர்டியில் ரெண்டு சிலிண்டரும் மாறி மாறி வெடிப்பதால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடி. கீழே சாதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, ஆர்பிஎம் ஒரு அளவைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுகிற மாதிரி பாயும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் இதற்குத் தனி மவுசு.

ஆனால் நமக்கு வந்தது முழு வண்டி இல்லை. ஜப்பானில் செய்ததற்கு 39 குதிரைத்திறன். இங்கே முதலில் வந்த எச்டி, அதாவது ஹை டார்க், 30.5. முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். அப்படிக் குறைத்தும் மைலேஜ் உதைத்தது. அடுத்து எல்டி, லோ டார்க், வெறும் 27. நம்ம ஊருக்காக ரெண்டு முறை கழுத்தைப் பிடித்து அமுக்கிய இன்ஜின் இது.

அப்படியும் விற்கவில்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்து லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றது. அதே வருஷம் எஸ்கார்ட்ஸே, அதே யமஹாவோடு சேர்ந்து ஆர்எக்ஸ்100-ஐ இறக்கியது. 98 சிசியில் 11 குதிரை, லேசான வண்டி, விலையும் குறைவு. சொந்தத் தம்பியே அண்ணனைக் காலி பண்ணிய கதை. 80-களின் கடைசியில் 350-ன் தயாரிப்பு நின்றது.

என்னுடையது 1986 எல்டி. விற்றவர் விமானப்படையில் ஓய்வு பெற்றவர். "மைலேஜுக்காக நான் இதைத் திட்டாத நாளில்லப்பா. ஆனா விக்கணும்னு தோணினதில்ல" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் என்ன ஆனது என்று தெரியும்தானே? வண்டி டேங்க் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் அவர் வீட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு வெள்ளம் ஏன் எமன்? கிராங்க் அறைக்குள் ஆயில் குளம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில் பூச்சுதான் பேரிங்குக்குப் பாதுகாப்பு. அதற்குள் சேற்றுத் தண்ணீர் போய் வருஷக்கணக்கில் நின்றால் பேரிங் துருப்பிடித்து ஒன்றாக இறுகிவிடும். ட்வினில் இன்னொரு தலைவலியும் உண்டு: ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கிராங்க் அறை, ஆனால் துண்டுகளை அழுத்திச் சேர்த்த ஒரே கிராங்க். பிரிக்க பிரஸ் வேணும், திரும்பச் சேர்த்து நேராக்க அதைவிடப் பொறுமை வேணும். மெக்கானிக் அண்ணன் அதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்தார். சீல், பேரிங், பிஸ்டன் தேடிப் புதுப்பேட்டையில் நான் நடந்த தூரத்தைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

பிறகுதான் பஞ்சாயத்து. "சிலிண்டரைப் பிரிச்சாச்சு தம்பி. அப்படியே போர்ட்டை ராவி விட்டா ஜப்பான் பவர் வந்துடும்" என்றார் அண்ணன். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கும் கை அரித்தது. ரெண்டு நாள் தூக்கமில்லை.

வேணாம் என்றேன். அழித்த கோடை கிட்டில் போய்த் திரும்ப எடுத்துவிடலாம். ராவிய இரும்பை எங்கே போய் எடுப்பது? இந்த 27 குதிரை பெருமைப்படுகிற நம்பர் இல்லைதான். ஆனால் 80-களின் இந்தியா பெட்ரோலைப் பார்த்து எவ்வளவு பயந்தது என்பது அந்தச் சிலிண்டரில் வெட்டியே வைத்திருக்கிறது. 39 குதிரை ஆர்டி வேணுமென்றால் உலகம் முழுக்கக் கிடக்கிறது. எல்டி நம்ம ஊரில் மட்டும்தான்.

பிரேக்கில் அந்த வீம்பு பிடிக்கவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் திடீரென்று குறுக்கே ஒடிக்கும்போது டிரம் பிரேக்கிடம் வரலாறு பேச முடியாது. அம்மா வேறு கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். முன்பக்கம் முழுசாக மாற்றி டிஸ்க் போட்டோம். பழைய சக்கரமும் ஃபோர்க்கும் கோணிப்பைக்குள், பரண்மேல். எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: இதை 'வின்டேஜ்' என்று சொல்லி உங்களிடம் விற்க வந்தால் சிரித்துவிடுங்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ் பதிவு. இந்தியாவில் செய்த மூத்த ஆர்டிக்கே 2033 ஆகணும். அதுவரை இது வெறும் பழைய வண்டி, ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்சியைப் பாருங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் தடவிப் பார்த்து ஒப்பிடுங்க. இறுகிய கிராங்கைக்கூடச் சரி பண்ணலாம். நம்பர் ஒத்துப்போகாத வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரி பண்ண முடியாது.

முதல் நீண்ட ரைடு போன ஞாயிறு விடியற்காலை. முடிச்சூர் ரோடு, மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம். வேண்டுமென்றேதான் அந்த வழி. 2013 முதல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வண்டி செய்கிறது. 2018-ல் இன்டர்செப்டர் 650 வந்து ட்வின் இன்ஜின் மறுபடி பேச்சானதும் அந்தக் கம்பெனியால்தான். கொஞ்சம் தள்ளி வல்லம் வடகாலில் யமஹாவின் சொந்தத் தொழிற்சாலை. டீக்கடையில் யூனிஃபார்மோடு நின்ற ஒரு பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணா, இது எந்தக் கம்பெனிண்ணா?" யமஹா என்றேன். டேங்கில் இருந்த ராஜ்தூத் பேட்ஜைப் பார்த்துவிட்டு நம்பாமல் போனான்.

முதல் டேங்குக்குக் கணக்குப் போட்டேன், லிட்டருக்கு 21 கிலோமீட்டர். விற்றவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"பரவாயில்லையேப்பா, எனக்கு அவ்வளவு குடுத்ததே இல்ல" என்றார்.