தெற்கே வந்த ராஜுக்கள்

இன்று அயல்நாடு போக விசா வேண்டும். அன்று வாள் வீச்சு தெரிந்தால் போதும். ராஜபாளையத்து ராஜு சமூகத்தாரின் முன்னோர் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சாய்ந்தபின் வடக்கே நிம்மதி போயிற்று. தெற்கே மதுரை நாயக்கர் சீமையில் தெலுங்கு பேசியவனுக்கு ஆதரவு இருந்தது.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரும் தெலுங்கருக்குப் புதிதல்ல. அவ்வூர் ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயரே ‘ஆமுக்தமால்யதா’ என்று தெலுங்கில் பாடியிருந்தார்.

ராஜபாளையத்து மலையடிவாரத்தில் அய்யனார் ஆற்றுத் தண்ணீர், கிழக்கே பருத்திக் கரிசல், வேறென்ன வேண்டும்? அந்தப் பருத்தியை நம்பித்தான் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1949இல் இதே ஊர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வரானார்.

ஊரின் பழையபாளையம், புதுப்பாளையம் பகுதி ராஜு வீடுகளில் இன்றும் தெலுங்குப் பேச்சுதான். கல்யாணப் பத்திரிகை மட்டும் தமிழில் அச்சாகிறது.