ஊருக்கு மார்க் போட்ட கதை



சென்ற மாதம் நம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் யாரோ 'உலகில் வாழச் சிறந்த பத்து நகரங்கள்' என்று ஒரு பட்டியலை ஃபார்வர்டு செய்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் நூற்றுச் சொச்சம் பதில்கள். மகன் மெல்பர்னில் இருப்பவர்கள் ஒரு கட்சி, மகள் டொராண்டோவில் இருப்பவர்கள் ஒரு கட்சி, 'நம்ம சென்னைக்கு என்ன குறைச்சல்' என்பவர்கள் ஒரு கட்சி. நான் ஒன்றும் எழுதவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு தொகையைப் பார்த்தவுடன் 'இதற்கு வவுச்சர் எங்கே?' என்றுதான் கேட்கத் தோன்றும். அந்த வவுச்சரைத் தேடிப் போய்ப் படித்ததைத்தான் இந்த இதழில் எழுதியிருக்கிறேன். கடைசியில் நம் பூங்கா பெஞ்சு விஷயத்துக்கும் வருவேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்க்க ஜாலியான ஊரும் குடியிருக்க நல்ல ஊரும் ஒன்றல்ல என்பது வங்கிக்காரர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லாமலேயே தெரியும். ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மே மாதம் நாமெல்லாம் காசு செலவழித்து அங்கே போகிறோம். அதே ஊருக்கு மாற்றலாகிப் போகும் ஊழியருக்கு வங்கி 'மலை மற்றும் எரிபொருள் படி' என்று மாதாமாதம் தனியாகக் கொடுக்கும். உயரம் கூடக் கூடப் படியும் கூடும். ஒரே குளிர்தான். வந்து போகிறவருக்கு அது இன்பம், இருக்கிறவருக்கு நஷ்ட ஈடு.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற உலகப் பட்டியல்களின் வேரும் இந்தப் படிதான். லண்டனில் இருக்கும் எகனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட்டும், மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் ஊர்களுக்கு மார்க் போட்டது, பன்னாட்டு கம்பெனிகள் தங்கள் ஆட்களை வெளியூர் அனுப்பும்போது எவ்வளவு 'சிரமப்படி' கொடுக்கலாம் என்று கணக்கிடுவதற்காக. மெர்சர் நியூயார்க்கை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை அளந்தது. எகனாமிஸ்ட் யூனிட்டின் அட்டவணை இன்னும் பச்சையாக இருக்கும். 80 மார்க்குக்கு மேல் எடுத்த ஊர் என்றால் படி தேவையில்லை. 70 முதல் 80 வரை என்றால் சம்பளத்தில் 5 சதவீதம், 60 முதல் 70 வரை 10, 50 முதல் 60 வரை 15, அதற்கும் கீழே போனால் 20 சதவீதம். நம் தெரு முனையில் இஸ்திரி போடுபவர் இந்த ஊரில் சந்தோஷமாக இருக்கிறாரா என்பது அந்தப் பட்டியலின் கேள்வியே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மேனேஜரைச் சமாதானப்படுத்த எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி.

கேள்வி அப்படி என்றால் விடை எப்படி இருக்கும் என்பதற்கு 2011-ல் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். பல வருடம் முதலிடத்தில் இருந்த கனடாவின் வான்கூவர் அந்த ஆகஸ்டில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. மெல்பர்ன் முதலிடம், வியன்னா இரண்டாமிடம். வான்கூவர் ஏன் இறங்கியது என்பதற்கு, மாலஹாட் நெடுஞ்சாலை அவ்வப்போது மூடப்பட்டதைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் சாலை வான்கூவர் நகரத்திலேயே இல்லை. வான்கூவர் தீவு என்ற இன்னொரு இடத்தில் இருக்கிறது. நடுவில் கடல், படகில் போனால் ஒன்றரை மணி நேரம். இந்தப் பதிவை நான் பாஸ் செய்திருந்தால் மறுநாள் காலையில் எனக்கு மெமோ வந்திருக்கும்.

ஊருக்கு மார்க் போடும் வழக்கம் இந்தக் கம்பெனிகளோடு தொடங்கியதல்ல. 1931-லேயே மெங்கன் என்ற பத்திரிகையாளரும் அவருடைய சகா ஆங்கோஃபும் அமெரிக்காவின் மிக மோசமான மாநிலம் எது என்று புள்ளிவிவரம் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். மிசிசிப்பி கடைசியில் வந்தது. அதில் பாதி கிண்டல். காரியமாகச் செய்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் தார்ன்டைக். பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்க எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்து புகழ்பெற்ற உளவியலாளர். 1939-ல் அவர் 310 அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டு, 37 விஷயங்களைக் கூட்டி 'நன்மை மார்க்' போட்டார். குழந்தை இறப்பு, பள்ளிச் செலவு, நூலகம், பூங்கா, சொந்த வீடு, தொலைபேசி என்று போகிறது அவர் பட்டியல். கலிபோர்னியாவின் பாசடீனா முதலிடம். குழந்தைகள் சாகாமல் இருப்பதை முதன்மையாகக் கொண்டதாலோ என்னவோ, இந்த வரிசையில் நான் மதிக்கும் பட்டியல் இது ஒன்றுதான்.

'ஜாலி' என்பதற்குத் தனியாக மார்க் போட்டதில் பேர் பெற்றது 1980களில் வந்த ஒரு தடித்த புத்தகம். ரிச்சர்ட் பாயர், டேவிட் சாவஜோ என்ற இருவர் எழுதி, வரைபடங்களுக்குப் பேர்போன ரேண்ட் மெக்நாலி வெளியிட்டது. 'மதிப்பிடப்பட்ட இடங்களின் பஞ்சாங்கம்' என்று பெயரைத் தமிழாக்கலாம். தட்பவெப்பம், வீட்டுச் செலவு, மருத்துவம், குற்றம், போக்குவரத்து, கல்வி, கலை, பொழுதுபோக்கு, பொருளாதாரம் என ஒன்பது பாடம். பொழுதுபோக்குக்கு எதை எண்ணினார்கள் தெரியுமா? உணவகம், கோல்ஃப் மைதானம், மிருகக்காட்சி சாலை, கடற்கரை நீளம் இப்படி. கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவனுக்கு அந்த மைதானத்தால் என்ன ஜாலி என்று அந்தப் பஞ்சாங்கத்தில் இடமில்லை.

1985 பதிப்பில் 329 நகரப் பகுதிகள். முதலிடம் பிட்ஸ்பர்க்! எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம் அது. அமெரிக்காவே சிரித்தது. கடைசி இடம் கலிபோர்னியாவில் இருக்கும் யூபா சிட்டி. அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. ரேண்ட் மெக்நாலி வெளியீடுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஒன்பது பாடத்துக்கும் சமமான எடை போட்டு ரேங்க்கைக் கூட்டினால், எதிலும் பெரிதாகச் சறுக்காத பையன் வகுப்பில் முதலாவதாக வந்துவிடுவான் இல்லையா? பிட்ஸ்பர்க் அப்படிப்பட்ட பையன்.

கதை அங்கே முடியவில்லை. பெல் ஆய்வுக்கூடத்துப் புள்ளியியலாளர்கள் நால்வர் அதே புத்தகத்தின் எண்களை எடுத்து, எடைகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். 1987-ல் வந்த அவர்கள் கட்டுரையை பி.காம். படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைக்கலாம். எண்கள் அவையே, எடை மட்டும் வேறு. 134 ஊர்களை முதலிடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. 150 ஊர்களைக் கடைசிக்குத் தள்ள முடிந்தது. அதில் 59 ஊர்களை, விருப்பம் போல, முதலாகவும் ஆக்கலாம், கடைசியாகவும் ஆக்கலாம்!

எடை என்பது என்ன? என் வீட்டிலேயே பாருங்கள். எனக்கு நூலகமும் உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸும் போதும். என் மனைவிக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், நடக்கும் தூரத்தில் டாக்டர் இருக்க வேண்டும். பேரனுக்கு யாரும் விரட்டாமல் கிரிக்கெட் ஆட ஓர் இடம். மூன்று பேரும் குடியிருப்பது ஒரே பிளாட்டில்தான். ஆனால் ஊருக்கு ஆளாளுக்கு ஒரு மார்க்.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2018-ல் 111 நகரங்களுக்கு 'எளிதாக வாழும் குறியீடு' வெளியிட்டது. புனே முதலிடம், சென்னை 14. அடுத்தது 2020-க்கானது, 2021 மார்ச்சில் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. பதினான்கிலிருந்து நான்கு என்று குழுவில் கைதட்டினோம், நினைவிருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில்தான் 2019 கோடை வந்தது. ஏரிகள் வறண்டு, குடங்களோடு நாம் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை. அப்படியென்றால் ரேங்க் எப்படி ஏறியது? கேள்வித்தாள் மாறியது. முதல் தடவை எல்லா ஊர்களும் ஒரே வரிசை, இரண்டாம் தடவை பெரிய ஊர், சிறிய ஊர் என்று தனித்தனி வரிசை. முதல் தடவை இல்லாத மக்கள் கருத்துக்கு இரண்டாம் தடவை 30 சதவீத எடை. மக்களைக் கேட்டது நல்ல மாற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வெவ்வேறு பரீட்சையின் மார்க்கை ஒன்றோடொன்று கழித்து முன்னேற்றம் என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதெல்லாம் மேலிருந்து பார்த்த கணக்கு. தெருவில் நின்று எண்ணியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைத்தான் அதிகம் பிடித்தது.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவில் 1962-ல் கார்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். 'நாம் என்ன இத்தாலிக்காரர்களா, இந்தக் குளிரில் தெருவில் உட்கார?' என்று எதிர்ப்பு. யான் கெல் என்ற இளம் கட்டடக்கலைஞர் நோட்டும் பேனாவுமாகத் தெருவில் நின்று எண்ணத் தொடங்கினார். அவர் மனைவி உளவியல் படித்தவர். கட்டடக்காரர்களுக்கு மனிதர்கள் மேல் ஏன் அக்கறையே இல்லை என்று அவர் கேட்டதுதான் தன்னைத் திருப்பியது என்று கெல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்பதோடு அவர் விடவில்லை. எத்தனை பேர் வேலை இல்லாமலும் நின்றார்கள், உட்கார்ந்தார்கள், பேசினார்கள் என்றும் எண்ணினார். வேலைக்குப் போகிறவன் எவ்வளவு அசிங்கமான தெருவிலும் நடப்பான். பிடித்த இடத்தில்தான் நிற்பான். 1968, 1986, 1995 என்று அதே ஊரில் அதே கணக்கைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வாகனங்களிடமிருந்து இடத்தை மீட்க மீட்க, நின்று பொழுது போக்குகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள்.

அந்த முறையை 1994-ல் மெல்பர்னிலும் பயன்படுத்தினார்கள், 2004-ல் திரும்ப எண்ணினார்கள். நடுப்பகுதியில் நடைபாதை காபிக் கடை இருக்கைகள் சுமார் 1,940-லிருந்து 5,380 ஆகியிருந்தன. மெல்பர்ன் 2011 முதல் 2017 வரை ஏழு வருடம் எகனாமிஸ்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் யாரோ நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தது தெரியாது.

நியூயார்க்கில் வில்லியம் வைட். எஃப்எஸ்ஐ பற்றி நம் கூட்டங்களில் சண்டை போடுபவர்களுக்கு இது பிடிக்கும். 1961 விதிப்படி அங்கே கட்டடம் கட்டுபவர் ஒரு சதுர அடி திறந்தவெளி விட்டால் பத்து சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். எல்லோரும் திறந்தவெளி விட்டார்கள். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. ஏன் என்று பார்க்க 1970களில் வைட் கேமராக்களை வைத்துப் படம் பிடித்தார். வெயிலா, அழகா, அளவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் கிடைத்த விடை சப்பென்று இருக்கும்: உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். 1975-ல் விதியை மாற்றி, 30 சதுர அடித் திறந்தவெளிக்கு ஓர் அடி நீளம் இருக்கை கட்டாயம் என்றார்கள்.

அதே ஊரில் பெரிய நூலகத்தின் பின்னால் பிரையன்ட் பூங்கா. வேலியும் புதருமாக மறைந்திருந்ததால் போதைப்பொருள் விற்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை விரட்ட உள்ளதையும் பூட்டாதீர்கள், மற்றவர்களும் வரும்படி செய்யுங்கள் என்பது வைட்டின் யோசனை. புதரை வெட்டி, வாசல்களைத் திறந்து, இஷ்டப்படி இழுத்துப் போட்டுக்கொள்ள ஏராளமான நாற்காலிகளைப் போட்டு 1992-ல் திறந்தார்கள். காவலாளியும் துப்புரவும் சேர்த்துத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்று மதிய வேளையில் அங்கே நாற்காலி கிடைப்பது கஷ்டம்.

இப்போது நம் பெஞ்சு. பூங்கா வாசலில் வேப்பமரத்தடியில் இருக்கும் மூன்று சிமெண்ட் பெஞ்சுகளையும் எடுத்துவிடலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. 'வெளியாட்கள் உட்காருகிறார்கள், ராத்திரி சத்தம்' என்பது காரணம். மூன்று வாரமாக ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு என்று சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை அரை மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். வெளியாட்கள் என்றோமே, அவர்கள் நம் வீடுகளில் வேலை முடித்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், இஸ்திரிக்காரர், ஆர்டர் வராத நேரத்தில் காலை நீட்டும் டெலிவரி பையன்கள். மீதிப் பேர் நாம்தான். முழங்கால் வலியால் பூங்காவை ஒரு சுற்றுக்கு மேல் சுற்ற முடியாத நம் ஆட்கள், என்னையும் சேர்த்து.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்தால் நானும் அந்த மாலஹாட் சாலைக்காரர்கள் மாதிரிதான். என் கணக்கு இரவு ஒன்பதோடு முடிகிறது. பெஞ்சுக்கு எதிர்வீட்டுக்காரரின் கஷ்டம் ஒன்பதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவர் மனைவி உடம்புக்கு முடியாமல் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் போடும் எடை வேறு, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் ஒன்பது முதல் பதினொன்று வரைக்கும் எண்ண வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்தெந்த நாள். எனக்கு அந்த நேரத்துக்குக் கண் சொக்கிவிடும். இரண்டு பேர் முன்வந்தால் போதும். அசோசியேஷன் அறையில் பச்சை அட்டை போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் பிளாட் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். பொதுக்குழுவுக்கு முன் நான்கு ராத்திரியாவது கிடைத்தால் நோட்டை அப்படியே கூட்டத்தில் வைத்துவிடுகிறேன், எதிர்வீட்டுக்காரர் கையில்தான் முதலில் கொடுப்பேன்.