குப்புறத் திரும்பும் கடிகாரம்

ஜொகூர் மக்களுக்குப் போலோ புதிய ஆட்டமன்று. 2024 ஜனவரி 31-ஆம் தேதி நாட்டின் மாமன்னராக அரியணை ஏறிய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் உள்ள ஈடுபாடு நாடறிந்தது. குதிரையும் மட்டையும் பந்துமாகப் பறக்கும் அந்த ஆட்டத்துக்கும், பேரங்காடிக் கண்ணாடிப் பேழைக்குள் பல்லாயிரம் ரிங்கிட் விலையில் மின்னும் ஒரு கைக்கடிகாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவு பிறந்த இடம் சுவிட்சர்லாந்து அல்ல, இந்தியா.

கடிகாரத்தின் பெயர் ரிவெர்சோ. இலத்தீன் மொழியில் 'நான் திரும்புகிறேன்' என்று பொருள். பெயருக்கு ஏற்ப அதன் முகத்தை விரலால் ஒரு பக்கமாக நகர்த்திக் குப்புறத் திருப்பிவிடலாம். கண்ணாடி உள்ளே மறைந்துகொள்ளும். உலோக முதுகு வெளியே தெரியும்.

ஏன் இப்படி ஓர் அமைப்பு? முதல் உலகப் போருக்கு முன்பு ஆண்கள் பெரும்பாலும் சங்கிலி கோத்த பைக்கடிகாரத்தையே வைத்திருந்தார்கள். சட்டைப்பைக்குள் அது பத்திரமாக இருந்தது. பலவற்றுக்கு மூடியும் உண்டு. பதுங்குகுழியில் துப்பாக்கி பிடித்த சிப்பாய்க்குப் பையைத் துழாவ நேரமேது? கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. அதோடு ஆபத்தும் ஏறியது. கண்ணாடியைக் காக்க அதன்மேல் உலோகக் கம்பி வலை போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி தப்பியது, ஆனால் மணி பார்ப்பது சிரமமாயிற்று.

1930-31 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்திருந்தார் செசார் தெ டிரே என்ற சுவிஸ் வணிகர். பல் மருத்துவப் பொருள் வியாபாரத்தில் பொருளீட்டியவர், பின்னர் கடிகாரத் தொழிலுக்கு வந்தவர். அங்கே பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகளின் போலோ ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், கண்ணாடி நொறுங்கிய தம் கடிகாரத்தை ஓர் அதிகாரி அவரிடம் காட்டி, இந்த ஆட்டத்தைத் தாங்கும் கடிகாரம் செய்ய முடியாதா என்று கேட்டாராம். கடிகார நிறுவனம் தன் வரலாறாகச் சொல்லும் கதை இது.

கேள்வியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பிய தெ டிரே, லெகூல்த்ர் தொழிற்சாலையின் தலைவர் ஜாக் டேவிட் லெகூல்த்ரிடம் அதை ஒப்படைத்தார். பாரிஸ் நகரின் ஜெகர் நிறுவனமும் கைகோத்தது. ரெனே ஆல்ஃபிரெட் ஷோவோ என்ற பொறியாளர் வழி கண்டார். தாங்கியின் மேல் நகர்ந்து முழுமையாகத் திரும்பும் கடிகாரத்துக்கு 1931 மார்ச் 4-ஆம் தேதி பாரிஸில் காப்புரிமை கோரப்பட்டது. இரு நிறுவனங்களும் 1937-இல் ஜெகர் லெகூல்த்ர் என ஒரே பெயரில் இணைந்தன.

சதுரமும் அல்லாமல் வட்டமும் அல்லாமல், கடிகாரம் நீள்சதுரமாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. பக்கவாட்டில் நகர்ந்து திரும்புவதற்கு நேர்க்கோட்டு விளிம்பு வேண்டும். நேர்க்கோடுகளையே அழகென்று கொண்டாடிய அக்காலத்து ஆர்ட் டெக்கோ பாணிக்கும் அது பொருந்தியது. மேலும் கீழும் மும்மூன்று வரிகள். வேறு அலங்காரமில்லை. தேவைக்காகப் பிறந்த வடிவம் அழகாகவும் அமைந்துவிட்டது. வெறுமையாக இருந்த முதுகில் பெயரெழுத்தும் குலச் சின்னமும் பொறித்துக்கொண்டார்கள். வண்ண மினாவில் உருவம் தீட்டியவர்களும் உண்டு.

போருக்குப் பிறகு வட்டக் கடிகாரம் செல்வாக்குப் பெற, ரிவெர்சோ மறக்கப்பட்டது. 1972-இல் இத்தாலிய வணிகர் ஜோர்ஜோ கோர்வோ, தொழிற்சாலையில் தேங்கிக் கிடந்த 200 வெற்றுக் கூடுகளை வாங்கி, இயந்திரம் பொருத்தச் செய்து விற்றார். அவை விரைவில் தீர்ந்துபோயின. 1985-இல் கூடு புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதில் 50-க்கும் மேற்பட்ட பாகங்கள். 1994-இல் முதுகிலும் ஒரு முகம் வைத்து, இரு நாட்டு நேரம் காட்டச் செய்தார்கள். அடிபடாமல் இருக்கப் பிறந்த கடிகாரம், அடிபடாத இடங்களுக்கு மட்டும் போகும் ஆடம்பரப் பொருளாயிற்று.

இதுவரை சொன்னது கடிகாரத்தின் முகம். அதன் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆட்டம் யாருடையது? மணிப்பூர் மக்கள் அதைச் சகோல் கங்ஜெய் என்பார்கள். சிறு குதிரை, மூங்கில் வேரில் செய்த பந்து, பக்கத்துக்கு ஏழு பேர். இம்பாலின் மாபல் கங்ஜெய்புங் திடல் உலகின் பழமையான போலோ திடலாகப் போற்றப்படுகிறது. அசாமின் சில்சாரில் மணிப்பூரிகள் ஆடக் கண்ட ஜோசப் ஷெரர் என்ற இராணுவ அதிகாரியும் தேயிலைத் தோட்டத் துரைமாரும் 1859-இல் அங்கே ஒரு மன்றம் தொடங்கினார்கள். 1862-இல் கல்கத்தாவிலும் மன்றம் எழுந்தது. அங்கிருந்து ஆட்டம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஷெரர் 'நவீன போலோவின் தந்தை' ஆனார். அவருக்கு ஆட்டத்தைக் காட்டிய மணிப்பூரிகளின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்?

காப்புரிமைத் தாளில் பொறியாளர் பெயர் இருக்கிறது. கடிகார முகத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஆட்டம் தந்த ஊருக்கு எந்தத் தாளிலும் இடமில்லை. ஷோவோவின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கேள்விக்கு விடை கண்டவர் அவர்தான். ஆயினும், கேள்வியைத் தந்த மண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

நம் தோட்டங்களில், பட்டறைகளில், விளையாட்டுத் திடல்களில் நம்மவர் உருவாக்கியவை எத்தனையோ. இன்றே எழுதி வைக்கவில்லையென்றால், நாளை அவற்றை வேறொருவர் பெயரில் விலை கொடுத்து வாங்க நேரும்.