மேக்னட் அங்கீகாரம்

மேக்னட் அங்கீகாரம்: செவிலியர் பணியில் சிறந்து விளங்கும் மருத்துவமனைகளுக்கு அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையம் வழங்கும் தகுதிச் சான்று. நான்கு ஆண்டுகள் செல்லும். பின்னர் மறுமதிப்பீடு உண்டு.

தோற்றம்: 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போதும் செவிலியரை ஈர்த்துத் தக்கவைத்துக்கொண்ட மருத்துவமனைகளை அமெரிக்கச் செவிலியர் கழகம் ஆராய்ந்தது. 1983இல் வெளியான அறிக்கை, 163 மருத்துவமனைகளில் 41ஐ அவ்வகையினவாக இனங்கண்டது. இதன் அடிப்படையில் உருவான திட்டத்தில் முதல் அங்கீகாரத்தை 1994இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ மையம் பெற்றது.

அளவுகோல்கள்: மாற்றம் கொணரும் தலைமை, அதிகாரமளிக்கும் நிர்வாக அமைப்பு, முன்மாதிரியான தொழில்நடைமுறை, புதிய அறிவும் மேம்பாடும், அளவிடத்தக்க விளைவுகள் ஆகிய ஐந்து கூறுகள் மதிப்பிடப்படுகின்றன.

பணிச்சூழல்: தலைமைச் செவிலிய அதிகாரிக்கு நிருவாகத்தின் உயர்மட்ட முடிவுகளில் இடம் கிடைக்கிறது. வார்டுச் செவிலியர் குழுக்களாகக் கூடிப் பணி நடைமுறைகளை வகுக்கின்றனர்; உயர்கல்வியும் ஆய்வும் ஊக்குவிக்கப்படுகின்றன. நோயாளி கீழே விழுதல், படுக்கைப்புண், செவிலியரின் பணித் திருப்தி ஆகியவற்றின் தரவுகள் பிற மருத்துவமனைகளுடன் ஒப்பிடப்படுகின்றன. இத்தகைய மருத்துவமனைகளில் பணிச்சோர்வு குறைவு எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், நல்ல பணிச்சூழல் உள்ளவையே விண்ணப்பிக்கக்கூடும் என்பதால், சான்றின் தனிப் பங்கைப் பிரித்தறிதல் கடினம்.

விமர்சனம்: செலவும் ஆவணச் சுமையும் மிகுதி; நோயாளி–செவிலியர் விகிதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை எதையும் இது கட்டாயமாக்குவதில்லை. விளம்பரக் கருவியாகவே பயன்படுகிறது என அமெரிக்கச் செவிலியர் தொழிற்சங்கங்கள் சில குறைகூறியுள்ளன.